ஐந்து ஹிட்கோட், ஒரு குரோசோ: ஆறு கோடைகளுக்குப் பின்

தெற்கு லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற ஊரில் புதிதாக வீடு வாங்கிய நண்பர், முன்வாசலுக்கு ஹிட்கோட் என்ற வகை லாவெண்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஒரு காலத்தில் லாவெண்டர் வயல்களுக்கும் எண்ணெய் வடிப்புக்கும் பெயர்பெற்ற ஊர் அது (பெயரில் மிச்சம் இருந்தாலும் வயல்கள் மிச்சமில்லை). அங்கிருப்பவருக்கு, வடமேற்கு லண்டனில் ஹரோவின் களிமண்ணோடு மல்லுக்கட்டும் நான் யோசனை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2019 வசந்தத்தில் ஹிட்கோட் என்று பெயர்ச்சீட்டுக் குத்திய ஐந்து கன்றுகளை வாங்கினேன். கருநீலப் பூ, ஒரே உயரத்தில் தாழ்வான வேலி என்ற இரண்டுக்காகத்தான் ஹிட்கோட்டைத் தேடிப் போகிறோம். மறு ஆண்டு பூத்தபோது மூன்று மட்டுமே கருநீலமாக இருந்தன. ஒன்று வெளுத்த ஊதா, இன்னொன்று மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். ஹிட்கோட்டைத் தண்டு வெட்டிப் பதியம் போட்டால்தான் தாயைப்போலவே பிள்ளை வரும். விதையில் முளைத்தவை பலவிதமாகப் போகும். ஆனால் விதைக்கன்றுகளும் அதே பெயரில் விற்பனையாகின்றன. கன்றுகள் நோயின்றித் திடமாக இருந்ததால் கடைக்காரரை முழுதாகக் குறைசொல்ல முடியவில்லை. இருந்தும் ஒவ்வொரு ஜூலையிலும் சமையலறை யன்னலைத் திறந்தால் அந்த வெளுத்த செடிதான் முதலில் கண்ணில் படுகிறது.

மூலையில் தனியாக வைத்த குரோசோ, விதை கட்டாத கலப்பின லாவெண்டர். பதியத்தில் மட்டுமே பெருகுவதால் அதில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. பருமணல் கலந்து மேடாக்கிய மண்ணில் வைத்தேன். 2022 டிசம்பர் உறைபனியில் சாடியிலிருந்த முயற்காதுப் பூ லாவெண்டர் செத்துப்போனது, குரோசோ அசையவில்லை. ஹிட்கோட் ஓய்ந்த பிறகும் ஆகஸ்ட் வரை பூக்கும் அதன் நீண்ட காம்புகள், பருத்த வண்டுத்தேனீக்கள் வந்தமரும்போது தரையைத் தொடுமளவுக்கு வளைந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே தேநீரை ஆறவிட்ட நாட்கள் பல. வாசம்தான் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்துவிட்டு, "இதைத் தேத்தண்ணியில போடுறதோ, சாமியறையில கொளுத்துறதோ?" என்று கேட்டார். கற்பூரச் சத்து அதில் அவ்வளவு கூடுதல். சமையலுக்கு ஹிட்கோட் இனமே ஏற்றது.

எந்த லாவெண்டரையும் பூ முடிந்ததும், தண்டில் பச்சை இலை மிஞ்சும்படியே கத்தரிக்க வேண்டும். 2021இல் அவசரப்பட்டு வெறும் கட்டை வரை வெட்டிய செடி பிறகு துளிர்க்கவேயில்லை. செத்தது கருநீலங்களில் ஒன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கணக்குப் பார்த்தால் குரோசோவே மேல். ஆனாலும் நண்பரே, நீங்கள் ஹிட்கோட்டையே வாங்குங்கள். ஜூலையில், பூத்திருக்கும்போது, நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். நானும் மிஞ்சிய இரண்டு கருநீலச் செடிகளிலிருந்து பன்னிரண்டு தண்டுகள் வெட்டி வைத்ததில் எட்டு வேர்விட்டிருக்கின்றன. அவற்றுக்கு இடம்விட வெளுத்ததைப் பிடுங்க இரண்டு முறை மண்வெட்டியோடு போனேன். இரண்டு முறையும் அதில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.