பூங்காவுக்கு அடியிலும் பாடிய ரேடியோ

டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகரில் ஐ-696 நெடுஞ்சாலை தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக ஓடுகிறது. ஓக் பார்க் என்ற ஊர்ப் பக்கம் வரும்போது அந்தப் பள்ளத்தை மூன்று இடங்களில் மூடி, மேலே மண் கொட்டிப் புல்லும் மரமும் வளர்த்திருக்கிறார்கள். ஓய்வுநாளில் வண்டி ஓட்டாத யூதக் குடும்பங்கள் சாலையைத் தாண்டி வழிபாட்டுக்கு நடந்து போவதற்கான ஏற்பாடு அது. மேலே பூங்கா, கீழே நாம். ஒவ்வொரு பூங்காவும் சுமார் 700 அடி. மணிக்கு 60 மைல் வேகத்தில் போனால் கடக்க எட்டு நொடி ஆகும்.

இந்த எட்டு நொடிக் கணக்கை எனக்கு மனப்பாடம் ஆக்கியது சாட்டிலைட் ரேடியோதான், அதாவது சந்தா கட்டினால் செயற்கைக்கோளிலிருந்து நேரே வண்டிக்கு வரும் வானொலி. வீடு மேற்கே நோவையில், வேலை கிழக்கே வாரனில். 2012 மாடல் பழைய வண்டியில் பதினோரு ஆண்டுகள் இந்தச் சாலையில் போய்வந்தேன். பூங்காவுக்கு அடியில் நுழைந்தால் முதல் நான்கு நொடி ஒன்றும் தெரியாது. அடுத்த நான்கு நொடி மௌனம். வெளியே வந்ததும், விட்டுப்போன இடத்தைப் பற்றிய கவலை எதுவும் இல்லாமல் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருப்பார்.

அது ஏன் நான்கு? எக்ஸ்எம் நிறுவனம் 2001-ல் ஒலிபரப்பைத் தொடங்கியபோதே செய்த தந்திரம் அது. ஒரே நிகழ்ச்சியை இரண்டு செயற்கைக்கோள்கள் அனுப்பும். ஒன்று மற்றதைவிட நான்கு நொடி பிந்தி அனுப்பும். முதலில் வந்ததை ரேடியோ சேமித்து வைத்துக்கொண்டு நிதானமாக ஒலிக்கும். சாதாரண மேம்பாலத்தின் அடியில் ஒரு நொடி வானம் மறைந்தால், விட்டுப்போனது பின்னால் வரும் பிரதியில் கிடைத்துவிடும். எட்டு நொடி மறைந்தால் பாதிதான் மீளும். எஃப்எம் போல இது கரகரக்காது. கேட்கும், அல்லது கேட்காது.

இன்னொன்றையும் அந்தப் பள்ளச் சாலையில் கற்றுக்கொண்டேன். செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. டெட்ராய்ட்டிலிருந்து பார்த்தால் தெற்கு வானில், அடிவானத்துக்கு மேல் 30 முதல் 40 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். காலையில் கிழக்கே போகும்போது வலப்புற லேன் தெற்குச் சுவரை ஒட்டி வருகிறது. சுவர் வானத்தை மறைக்கும். இடப்புற லேனுக்கு மாறினால் பாட்டு திரும்பி வந்துவிடும். மாலையில் திரும்பும்போது எந்த லேனிலும் தொல்லை இல்லை. வேகமாகப் போகிறவன் என்று சக ஊழியர்கள் என்னை நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ரேடியோவுக்காக லேன் மாறியவன்.

2023 பிப்ரவரியில் புது எஸ்யூவி வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நான் இங்கே சொல்லப்போகும் குறை எந்த நிறுவனத்தின் வண்டியிலும் வரக்கூடியது. வாங்கிய வாரமே ஒரு அதிசயம்: மூன்று பூங்காக்களுக்கு அடியிலும் ரேடியோ நிற்கவே இல்லை. ஒரு நொடிகூட. தொழில்நுட்பம் எங்கோ போய்விட்டது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "போனிலேயே இளையராஜா இருக்கும்போது இதற்கு ஏன் தனியாகப் பணம் கட்டுகிறீர்கள்?" என்ற அவளுடைய பழைய கேள்விக்கு ஒரு வழியாகப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த அதிசயம்தான் நோயின் முதல் அறிகுறி. அது புரிய எனக்கு ஒன்றே முக்கால் ஆண்டு பிடித்தது.

ஜூலையில் குடும்பத்தோடு மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்குப் போனோம். மேக்கினா பாலத்தைத் தாண்டி, எம்-28 சாலையில் செனி என்ற சிற்றூரிலிருந்து ஷிங்கிள்டன் வரை 25 மைல். வளைவே கிடையாது. இருபுறமும் சதுப்பு நிலம், ஊசியிலை மரங்கள், தலைக்கு மேல் தடையில்லாத வானம். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வரவழைக்கும் சாலை என்று அந்த மாநிலத்தில் பெயர் பெற்றது. அங்கே போன் சிக்னலை நம்ப முடியாது. பழைய வண்டியில் மூன்று முறை அந்த வழியே போயிருக்கிறேன்; மூன்று முறையும் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் வர்ணனை துணைக்கு வந்தது. சாட்டிலைட் ரேடியோ என்ற பொருளே இப்படிப்பட்ட சாலைகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதானே. புது வண்டியில் செனியைத் தாண்டிச் சில நிமிடங்களில் ஒலி நின்றது. திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. அவ்வப்போது இரண்டு சொற்கள் கேட்கும், மறுபடி மௌனம். போனில் பாட்டு எதையும் இறக்கி வைக்கவில்லை. மகள் தந்திக் கம்பங்களை எண்ணத் தொடங்கினாள்.

நகரத்தில் பூங்காவுக்கு அடியில் பாடுகிற ரேடியோ, திறந்த வானத்தின் கீழ் ஊமையாகிறது. இந்த முரணை அன்றே பிடித்திருந்தால் மீதிக் கதை இல்லை. நானோ வானத்தைக் குறை சொன்னேன். எக்ஸ்எம் பின்னால் இணைந்து உருவான சிரியஸ்எக்ஸ்எம் நிறுவனத்தின் எஸ்எக்ஸ்எம்-7 என்ற செயற்கைக்கோள் 2020 டிசம்பரில் ஏவப்பட்டு, அடுத்த மாதமே பழுதானது நினைவில் இருந்தது. ஆனால் மாற்றாக எஸ்எக்ஸ்எம்-8 2021 ஜூனிலேயே மேலே போய்விட்டது. தவிர, அதே விடுதியில் தங்கியிருந்த ஒருவரின் பழைய லாரியில் ரேடியோ கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. வானத்தின் மேல் பழி நிற்கவில்லை.

பிறகு எல்லோரும் செய்யும் சடங்குகள். ரேடியோவின் அடையாள எண்ணைச் சொல்லிப் புதுப்பிப்புச் சமிக்ஞை அனுப்பச் சொல்வது. அது வரும்வரை வெட்டவெளியில் இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பது. சந்தா சிக்கலுக்கு இது நல்ல மருந்து. ஆன்டெனா சிக்கலுக்குத் திருநீறு பூசியதற்குச் சமம். இரண்டு முறை பூசினேன்.

டீலரிடம் இரண்டு முறை போனேன். முதல் முறை, "சோதித்தோம், குறை ஏதும் தென்படவில்லை" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை மென்பொருளைப் புதுப்பித்தார்கள். நான் சேமித்து வைத்திருந்த நிலையங்கள் எல்லாம் அழிந்தன, குறை அப்படியே இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பணிமனை முற்றத்தில் நான்கும் ஐந்துமாகப் போன் சிக்னல் கோடுகள். அங்கே என் ரேடியோ பிரமாதமாகத்தான் பாடும்.

நடுவில் ஒரு கிளைக் கதை. சாலையைப் படம்பிடிக்க வண்டியில் பொருத்தியிருந்த டேஷ்கேமை நண்பர் ஒருவர் சந்தேகித்தார். ஆதாரமில்லாத சந்தேகம் அல்ல. செயற்கைக்கோளிலிருந்து வருவது மிக மிக மெல்லிய அலை. 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரை. அதன் இருபுறமும் செல்போன் சேவைகளின் அலைவரிசைகள். மலிவான கேமராவும் சார்ஜரும் கிளப்பும் மின்னிரைச்சலே அதை அமுக்கிவிடும். என் பின்கேமராவின் வயர் கூரைத் துணிக்குள், ஆன்டெனாவின் அடிப்பாகத்தை உரசிக்கொண்டுதான் போனது. இரண்டு சனிக்கிழமைகள் செலவழித்து, ஒரு பிளாஸ்டிக் கொக்கியை உடைத்து, வயரை வேறு பக்கம் திருப்பினேன். மாற்றம் இல்லை. ஆனாலும் உங்கள் வண்டியில் டேஷ்கேம் இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு வேலை செய்யாத மருந்து உங்களுக்குக் கேட்கலாம்.

2024 அக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க மறுபடி அதே சாலை. மறுபடி அதே இடத்தில் மௌனம். இம்முறை மகள்தான் கேட்டாள்: "அப்பா, போன் செத்துப்போகும்போதெல்லாம் ரேடியோவும் சாகிறது, கவனித்தீர்களா?"

சாலையோரம் நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புது வண்டிகள் பலவற்றில் இருப்பது கலப்பு ரேடியோ. 360எல் என்ற பெயரில் 2019 மாடல் ராம் 1500 வண்டியில் முதலில் வந்தது. இப்போது பல நிறுவனங்களின் வண்டிகளில் இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்தும் வாங்கும், வண்டிக்குள் இருக்கும் மோடம் வழியாக இணையத்திலிருந்தும் வாங்கும். ஒன்று விட்டால் மற்றதற்குச் சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும். நல்ல யோசனைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் சத்தமில்லாமல் மாறுவதால், இரண்டில் ஒன்று செத்துக் கிடந்தாலும் உங்களுக்குச் சொல்லாது. என் வண்டியில் முதல் நாளிலிருந்தே பாட்டு அநேகமாக முழுவதும் செல்போன் கோபுரங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. பூங்காவுக்கு அடியில் மௌனம் வராததற்கு அதுதான் காரணம். சாட்டிலைட் ரேடியோ என்று நான் பணம் கட்டியது, நடைமுறையில் சக்கரம் வைத்த போனுக்கு.

ஊர் திரும்பியதும் வண்டியின் அமைப்புகளில் இணையத் தொடர்பை அணைத்தேன். காலியான ஒரு பெரிய வாகன நிறுத்தத்தில், மரமோ கட்டடமோ இல்லாத இடத்தில் நிறுத்தி ரேடியோவைப் போட்டேன். சிக்னல் இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டேன். வண்டி வாங்குகிறவர்கள் இந்த ஐந்து நிமிடச் சோதனையை புது வண்டியோடு வரும் இலவசச் சந்தா முடிவதற்குள் செய்துவிடுவது நல்லது. டீலரிடம் "விட்டு விட்டு வருகிறது" என்று சொன்னால் சிரித்து அனுப்புவார்கள். "இணையத்தை அணைத்தால் வெட்டவெளியிலும் வரவில்லை" என்று சொன்னால் வண்டியை உள்ளே ஏற்றுவார்கள்.

ஏற்றினார்கள். நரைத்த மீசையோடு ஒரு மெக்கானிக். பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார். பின்கதவுக்கு மேலேயுள்ள பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கூரைத் துணியை நான்கு விரல் அளவு கீழே இழுத்து, டார்ச்சைப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். கூரைக்கு வெளியே சுறாத் துடுப்பு போல நிற்கிறதே, அந்த ஒரு துடுப்புக்குள்தான் ஜிபிஎஸ், செல்போன், சாட்டிலைட் ரேடியோ மூன்றுக்கும் ஆன்டெனா. கீழே மூன்று வயர்கள், மூன்று நிறப் பிளக்குகள். நீலம் ஜிபிஎஸ்ஸுக்கு, கருஞ்சிவப்பு போனுக்கு, மங்கிய மஞ்சள் ரேடியோவுக்கு. இந்தப் பிளக்குகளின் நிறங்களுக்கு ஜெர்மானிய வாகனத் துறையினர் வகுத்த தரமும் பெயரும் உண்டு. மஞ்சளின் அதிகாரப்பூர்வப் பெயர் 'கறி'. அதைச் சொல்லிவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் சிரித்தோம். என் வீட்டில் எந்தக் குழம்பும் அந்த நிறத்தில் இருந்ததில்லை. வேண்டுமானால் அரைத்துவைத்த கடுகு என்று சொல்லலாம்.

அந்தக் கறி நிறப் பிளக் முக்கால்வாசிதான் உள்ளே போயிருந்தது. பூட்டு விழவில்லை. நகக்கண் அளவு இடைவெளி. நடுவிலுள்ள ஊசி தொட்டும் தொடாமலும் இருந்ததால், ஆன்டெனாவைக் காணவில்லை என்ற எச்சரிக்கையும் வரவில்லை, அலையும் ஒழுங்காக இறங்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். 'டிக்' என்ற சத்தம் கேட்டது. உத்தரவாதக் காலம் என்பதால் பணம் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஓராண்டு ஓடிவிட்டது. எல்லாம் சொர்க்கமாகிவிடவில்லை. ஈரப் பனி துடுப்பின் மேல் தொப்பி போல உறைந்தால் ஒலி தடுமாறும். காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது அதையும் ஒரு தட்டுத் தட்டிவிடுகிறேன். எங்கள் தெருவின் ஓக் மரங்கள் கோடையில் இலை அடர்ந்து மழையில் நனைந்திருந்தால், வீட்டிலிருந்து முக்கிய சாலை வரை செயற்கைக்கோள் அலை திணறும். குளிர்காலத்தில் அதே தெருவில் தொல்லை இல்லை. கூரையில் அலுமினிய ஏணியைக் கட்டிக்கொண்டு போன அன்று வழி நெடுக விட்டுவிட்டுத்தான் கேட்டது. அது என் தவறு.

இந்தத் தொல்லைகளை எல்லாம் என்னால் ரசிக்க முடிகிறது. வோர்ல்ட்ஸ்பேஸ் 2009 கடைசியில் இந்தியாவில் நிற்கும்வரை, தாம்பரம் வீட்டு மொட்டைமாடியில் அப்பா அதன் சிறு ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பித் திருப்பி வைப்பார். கீழேயிருந்து அம்மா "வருகிறது, வருகிறது, ஆட்டாதீர்கள்" என்று குரல் கொடுப்பாள். வானத்திலிருந்து இறங்கும் ஒலிக்குக் கொஞ்சம் பணிவிடை செய்துதான் பழக்கம்.

இந்த ஆகஸ்டில் புது வண்டியில் மூன்றாம் முறையாகச் செனி போனோம். 25 மைலும் வர்ணனை வந்தது. டைகர்ஸ் தோற்றார்கள்.

திங்கள்கிழமை காலைகளில் மட்டும் இணையத்தை அணைத்துவிட்டு ஐ-696-ல் இறங்குகிறேன். மனைவிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. இந்த வாரமும் எண்ணினேன்: முதல் பூங்காவுக்கு அடியில் நான்கு நொடி மௌனம், இரண்டாவதில் நான்கு, மூன்றாவதில் முன்னால் போன லாரி மெதுவாகப் போனதால் ஏழு.