போட்டோ-ஃப்ளோ 200: எந்தப் புள்ளிக்கு மருந்து, எதற்கு இல்லை

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டில் கழுவுகிறவர்களுக்கு எப்போதாவது வந்தே தீரும் தலையிடி, காய்ந்த நெகட்டிவில் தெரியும் புள்ளிகள். யாரைக் கேட்டாலும் கொடாக்கின் போட்டோ-ஃப்ளோ 200 வாங்கு என்பார்கள். கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டின் குளியலறையில் ஃபிலிம் கழுவும் நான் இதை நீண்ட நாளாகப் பாவிக்கிறேன். அருமையான சாமான். ஆனால் உங்கள் ஃபிலிமில் இருப்பது என்ன புள்ளி என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடைசி அலசல் தண்ணீரில் கலக்கும் இந்தத் திரவம் செய்வது ஒரே ஒரு வேலை. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும். அலசி எடுத்த ஃபிலிமில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிந்து இறங்கிவிடும். முத்தாக நின்று காய்ந்தால்தான் அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்பும் அந்த இடத்திலேயே படியும்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் சித்தப்பாவின் மகன் போன மாதம் ஒரு துண்டு நெகட்டிவைக் கொண்டுவந்து, "அண்ணா, ஃபிக்ஸர் பழுதாப் போச்சோ?" என்று கேட்டான். (ஃபிக்ஸர் என்பது படத்தை நிலைநிறுத்தும் கரைசல்.) மேசை விளக்கின் கீழ் சரித்துப் பிடித்துப் பார்த்தோம். ஃபிலிமின் பளபளப்பான பக்கத்தில், தேத்தண்ணிக் கிளாஸ் வைத்த மேசையில் பதிவது போல வெள்ளை வட்டங்கள். நடுப்பகுதி தெளிவு, விளிம்பு மட்டும் தடிப்பு. ஃபிக்ஸரில் பிழை இல்லை, கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மண், கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அந்தத் துண்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, போட்டோ-ஃப்ளோவில் தோய்த்து மறுபடி தொங்கவிட்டோம். வட்டங்கள் போய்விட்டன. இதே அடையாளம் மங்கலான பக்கத்தில், அதாவது படம் இருக்கும் பக்கத்தில் விழுந்திருந்தால் இவ்வளவு சுலபமாகப் போயிருக்காது. படத்தைத் தாங்கும் ஜெலற்றின் பூச்சு சீரில்லாமல் காய்ந்த தழும்பு பெரும்பாலும் நிரந்தரம்.

கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது. அவ்வளவு சுண்ணாம்பு இல்லை. அப்படியிருந்தும் கடைசி அலசலுக்கு நான் அதை நம்புவதில்லை. மொட்டைமாடித் தாங்கியின் அடியில் கிடக்கும் வண்டலையும் துருவையும் போட்டோ-ஃப்ளோ ஒன்றும் செய்யாது. ஒரு ரோலுக்கு 300 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரையே வாங்கலாம், போத்தலில் அசிட் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் இரண்டு தரம் பாருங்கள்.

இனி அளவு. பெயரில் உள்ள 200 சும்மா இல்லை: ஒரு பங்கு மருந்துக்கு 200 பங்கு தண்ணீர். 300 மில்லிலீற்றருக்கு 1.5 மில்லிலீற்றர்தான். பாமசியில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கி அளந்து விடுங்கள். கண்மதிப்பில் ஊற்றினால் கூடிவிடும். கூடினால் ஃபிலிமில் எண்ணெய் வழிந்தது போலக் கோடுகள் காயும், அதைப் பார்த்துப் பயந்து அடுத்த தடவை இன்னும் கூட ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். அரை நிமிடம் ஊறினால் போதும், குலுக்க வேண்டாம், நுரைக்கும். ஃபிலிமை அது சுற்றியிருக்கும் சுருளிலிருந்து கழற்றி ஒரு கிண்ணத்தில் தோய்ப்பது நல்லது. பிளாஸ்ரிக் சுருளோடு தோய்த்தால் அதில் ஒட்டும் மருந்து அடுத்த ரோலை ஏற்றும்போது பிடித்து இழுக்கும், படத்தை உருவாக்கும் கரைசலான டெவலப்பரிலும் நுரை கிளப்பும்.

நுரை என்றதும் அடுத்த புள்ளி ஞாபகம் வருகிறது. நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சின்னச் சின்ன, ஒழுங்கான வட்டங்கள் வெளிறித் தெரிகின்றனவா? பிரின்றில் அவை கறுப்பாக வரும். டெவலப்பரில் காற்றுக் குமிழி ஒட்டி நின்ற இடம் அது. அங்கே படம் சரியாக உருவாகவே இல்லை, எத்தனை தரம் அலசினாலும் திரும்பாது. டெவலப்பரை ஊற்றியவுடனும் ஒவ்வொரு முறை கவிழ்த்த பிறகும் ராங்கை, அதாவது ஃபிலிம் கழுவும் மூடிய பாத்திரத்தை, மேசையில் தட்டுவதுதான் வழி. கமராவுக்குள் ஃபிலிமின் மேல் தூசி கிடந்தாலும் வெளிறிய புள்ளிதான் விழும், ஆனால் அது வட்டமாக இருக்காது, நூல் போல, கோணல்மாணலாக இருக்கும். இந்த இரண்டுக்கும் போட்டோ-ஃப்ளோவைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

காயவைப்பதில் கொழும்புக்காரர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஈரப்பதன் அதிகம், ஃபிலிம் காய நேரம் எடுக்கும், அதற்குள் ஒட்டக்கூடிய தூசி எல்லாம் ஒட்டிவிடும். காலி வீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறி வேண்டவே வேண்டாம். நான் குளியலறையில் கொஞ்ச நேரம் சுடுதண்ணீர் ஷவரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் காற்றிலுள்ள தூசி கீழே படிந்த பிறகு தொங்கவிடுகிறேன். ஃபிலிமைக் கொஞ்சம் சாய்வாகக் கட்டினால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, படத்தை விட்டுவிடும். விரலாலோ ஸ்குவீஜி என்ற ரப்பர் வழிப்பானாலோ வழிக்காதீர்கள். ஒரு மணல் துகள் போதும், முழு ரோலிலும் கீறல்.

பாத்திரம் கழுவும் லிக்விட்டில் ஒரு துளி விட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் வாசனையும் சாயமும் கலந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப்போகும் நெகட்டிவில் அது எதற்கு? ஐந்து மி.லீ. போட்டோ-ஃப்ளோ ஒரு லீற்றருக்குக் காணும். 473 மி.லீ. போத்தல் ஒன்றில், ரோலுக்கு 1.5 என்று கணக்குப் பார்த்தால், 300 ரோலுக்கு மேல் வருகிறது. நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சின்னப் போத்தல்களில் பிரித்துக்கொள்ளலாம். கலக்கியதை மட்டும் அடுத்த ஞாயிறுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், நம் சூட்டுக்கு அதில் பூஞ்சணம் பிடித்துவிடும். அன்றன்றைக்குக் கலக்கி, வேலை முடிந்ததும் ஊற்றிவிடுங்கள்.