ரிப்பேர் செய்து தருவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கடை இல்லை. பழைய டூ-இன்-ஒன்னைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, பழுதுபார்ப்பு நாளன்று அந்த ஹேக்கர்ஸ்பேஸுக்குள், அதாவது ஆர்வலர்கள் கூடிக் கருவிகளைப் பொதுவில் வைத்துக்கொண்டு எதையாவது செய்துபார்க்கும் இடத்துக்குள், நுழைந்தபோது, கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டு 'அடுத்த வாரம் வாங்க' என்று ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். கவுண்டரே இல்லை. ஒரு நீள மேசை, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு சாமானின் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அதில் தன்னார்வலர் யார், என்னைப் போல வந்து மாட்டியவர் யார் என்று பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை. ஒருவர் படிவம் கொடுத்தார். என்ன பொருள், என்ன கோளாறு, எப்போதிலிருந்து, கடைசியாக ஒரு கேள்வி: 'இதற்கு முன் நீங்களே ஏதாவது செய்து பார்த்தீர்களா?' நான் 'இல்லை' என்று எழுதினேன். அந்தப் பதில் பின்னால் வரும். படிவத்தை வாங்கிக்கொண்டு ஒரு ஸ்க்ரூடிரைவரை என் கையில் திணித்தார். "உட்காருங்க, பின்பக்கத்தைத் திறங்க."

கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. எனக்கே திறக்கத் தெரிந்தால் இவ்வளவு தூரம் ஏன் வருகிறேன்? ஆனால் இந்தப் பழுதுபார்ப்பு நாளின் ஏற்பாடே அதுதான். பொருளை விட்டுவிட்டுப் போக முடியாது, பக்கத்திலேயே உட்கார வேண்டும், முடிந்தவரை உங்கள் கையால்தான் நடக்கும், கெட்டுப்போனால் பொறுப்பு உங்களுடையது. கட்டணம் கிடையாது. மாற்றிய பாகத்தின் விலை மட்டும் கொடுத்தால் போதும், வாசலில் இருக்கும் டப்பாவில் விருப்பம் இருந்தால் ஏதாவது போடலாம். மூன்று சனிக்கிழமை போய்வந்த பிறகு எழுதுகிறேன், ஒரே நாளில் போய்ப் பார்த்து எழுதியது இல்லை.

வீட்டில் 'ஹேக்கர்ஸ்பேஸுக்குப் போகிறேன்' என்றதும் 'யாருடைய பேங்க் கணக்கை?' என்று கேட்டார்கள். பெயரால் வரும் தொல்லை. ஒரு பொருளைத் திறந்து பார்த்து, அதைச் செய்தவர்கள் நினைக்காத வேலையைக்கூட அதனிடம் வாங்குவதுதான் இங்கே ஹேக். பெர்லினின் சி-பேஸ் 1995-இல் தொடங்கியது, வியன்னாவின் மெட்டாலாப் 2006-இல். 2007-இல் அமெரிக்காவிலிருந்து சிலர் ஜெர்மனியில் நடந்த ஒரு முகாமுக்குப் போனபோது இந்த மாதிரி இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், அதற்கப்புறம்தான் நியூயார்க்கில் என்ஒய்சி ரெசிஸ்டர், சான்பிரான்சிஸ்கோவில் நாய்ஸ்பிரிட்ஜ் என்று அங்கேயும் முளைத்தன. பழுதுபார்ப்பு நாள் வேறு வழியில் வந்தது: 2009 அக்டோபரில் மார்ட்டீன் போஸ்ட்மா ஆம்ஸ்டர்டாமில் நடத்திய முதல் ரிப்பேர் கஃபே, கெட்டுப்போன சாமானைக் கொண்டுவந்து தன்னார்வலர்களோடு உட்கார்ந்து சரிசெய்யும் கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் குணம் வேறு. ஹேக்கர்களுக்குப் புதிதாக ஏதாவது செய்ய ஆசை, ரிப்பேர் கஃபேக்காரர்களுக்கு இருப்பதைத் தூக்கிப்போடாமல் இருக்க ஆசை. நான் போன இடத்தில் இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வப்போது முட்டிக்கொள்ளவும் செய்கின்றன. அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

டூ-இன்-ஒன்னுக்கு வருவோம். ரேடியோ பாடும், டேப் ஓடாது. பின்பக்கம் ஐந்து ஸ்க்ரூ கழற்றியும் மூடி வரவில்லை. நெம்பப் போனேன், எதிரில் இருந்த பெண் "நெம்பாதீங்க, பேட்டரி போடுற இடத்துல பாருங்க" என்றார். ஆறாவது அங்கே ஒளிந்திருந்தது. கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தாளில் பெட்டியின் படம் வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அதே இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டச் சொன்னார். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முறுக்கினால் அது நேராக போர்டில் போய் இறங்கும் என்பதை அவர் சொன்ன விதத்தில், அவருக்கே நடந்திருக்கிறது என்று புரிந்தது.

உள்ளே பெல்ட்டைக் காணோம். ரப்பர் பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகத் தார் மாதிரி ஒரு பிசின், புல்லியில், சக்கரத்தில், தகட்டில், தொட்ட விரலில், விரல் தொட்ட சட்டையில். அந்தக் காலத்து டேப்புகளில் பெரும்பாலும் இதுதான் கதையாம். மோட்டார் நன்றாக இருக்கும், ரப்பர் மட்டும் வருடக்கணக்கில் மட்கி உருகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பட்ஸும் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் துடைத்தேன், முப்பது பட்ஸாவது போயிருக்கும். பழைய பெல்ட் உருகிவிட்டதால் அளவு எடுக்க வழியில்லை, ஒரு நூலைப் புல்லிகளைச் சுற்றி விட்டு, அந்த நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவான பெல்ட்டைப் பெட்டியில் தேடி எடுத்தோம். மாட்டினேன். ஓடியது.

சோதிக்க வீட்டிலிருந்தே ஒரு கேசட் கொண்டுபோயிருந்தேன். அப்பா பதிவு செய்து பார்த்தது. "ஓடுதா பாரு, சிவப்பு லைட் எரியுதா" என்று கேட்டுவிட்டு அணைக்க மறந்துபோயிருக்கிறார், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுக்க மின்விசிறிச் சத்தம்தான். போட்டதும் குரல் வந்தது, ஆனால் அது அப்பா இல்லை. மெலிந்து, அவசரமாக, யாரோ பையன் பேசுகிற மாதிரி. "அப்பா குரல் இப்படி இருக்காது" என்றேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் டிராயரிலிருந்து ஒரு டெஸ்ட் கேசட்டை எடுத்துப் போட்டார். அதில் 3000 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு ஒலி மட்டும் பதிவாகியிருக்கும். செல்போன் ஆப் 3240 என்று காட்டியது. கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், என்னுடையது எட்டு சதவீதம் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரின் முதுகில் ஒரு சின்னத் துளை, அதற்குள் வேகத்தைத் திருத்தும் திருகு. அதன் வாயில் கீறல்.

"இதை யாரோ திருப்பியிருக்காங்களே?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் படிக்கும்போது பெல்ட் தளர்ந்து பாட்டு இழுத்து இழுத்து வந்ததும், மூடியைத் திறந்து வீட்டிலிருந்த டெஸ்டரால் அங்கே குடைந்தது நான்தான். அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். மயிரிழை அளவு திருப்பி, காத்திருந்து, மறுபடி திருப்பி, 3004-இல் நிறுத்தினேன். அப்பா வந்துவிட்டார். சிவப்பு லைட்டைப் பற்றிக் கேட்டார்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம், எந்தக் கடையில் கொடுத்திருந்தாலும் பெல்ட் மாற்றி, 'ஓடுது சார்' என்று கொடுத்திருப்பார்கள். ஓடவும் செய்திருக்கும். குரல் மாறியிருக்கிறது என்று சொல்லப் பக்கத்தில் நான் இருந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது முறை ஒரு பழைய எல்சிடி மானிட்டர். ஆன் செய்தால் இரண்டு விநாடி படம், பிறகு இருட்டு. இதில் என் கைக்கு வேலை குறைவு, அது சரியும்கூட. 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டன்சரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். முதலில் ரெசிஸ்டர் வைத்து இறக்கினார்கள், மீட்டரில் பார்த்தார்கள், என்னையும் பார்க்க வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் தொட விட்டார்கள். மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய பிக்சர் டியூப் டிவியையும் பழுதுபார்ப்பு நாளில் எடுப்பதே இல்லை. டிவி டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பழகாத கைக்கு அந்த மேசை இடம் இல்லை. உப்பிப்போன லித்தியம் பேட்டரி கொண்டுவந்த ஒருவரிடம் பேச்சே கொடுக்காமல் வாங்கி, மணல் போட்ட இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் விளக்கம் சொன்னார்கள். மின்சாரப் பாதுகாப்பில் இவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மானிட்டரில் இரண்டு கண்டன்சர் தலை உப்பி நின்றன, அது எனக்கே தெரிந்தது. மூன்றாவது ஒன்று பார்க்க ஒழுங்காக இருந்தது, கண்டன்சரின் உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் வைத்ததும் அதுவும் காலி. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல உலர்ந்துவிடுவதுதான் காரணமாம். பொதுவாகப் பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்று ஒரு கணக்கு சொன்னார்கள். இவர்களோ அதை, மற்ற பாகங்களின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் தகட்டை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். இவர்கள் என்றால் மானிட்டர் செய்தவர்கள்.

சரி, இப்போது குறைகள். சரியான அளவுக் கண்டன்சர் அன்றைக்கு இல்லை, வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்று மானிட்டரை அங்கேயே வைக்கச் சொன்னார்கள். விட்டுவிட்டுப் போகக் கூடாது என்ற விதியை அவர்களே மீறிய ஒரே முறை, அதிலேயே வினை. நான் ஒட்டிய பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோய், மானிட்டர் 'யார் வேண்டுமானாலும் பிரித்து எடுக்கலாம்' அலமாரிக்குப் போய்விட்டது. மூன்றாவது சனிக்கிழமை நான் போனபோது ஒரு உறுப்பினர் அதன் ஸ்டாண்டைக் கழற்றி ஏதோ ரோபோவுக்கு அடித்தளம் செய்துகொண்டிருந்தார். மேலே சொன்ன முட்டல் இதுதான். ஒருவருக்குப் பழுதான பொருள், இன்னொருவருக்குக் கச்சாப்பொருள். மன்னிப்புக் கேட்டார், ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்தார், இரண்டு ஸ்க்ரூ கிடைக்கவில்லை. கண்டன்சர்களை நானே பற்றவைத்தேன், மானிட்டர் எரிகிறது, கொஞ்சம் ஆடுகிறது.

அடுத்தது ஆட்கள். பெரும்பாலும் பொறுமைசாலிகள், ஆனால் ஒருவர் இருக்கிறார், நீங்கள் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை எடுத்த அரை நிமிடத்தில் 'குடுங்க குடுங்க' என்று வாங்கிவிடுவார். வேலை சுத்தம், நமக்கு ஒன்றும் வராது. அவர் பக்கத்தில் உட்காராதீர்கள். அப்புறம் எனக்கு உதவிய பெண்ணைப் பற்றி ஒன்று. புதிதாக வருகிறவர்கள் அவரைத் தாண்டி, பக்கத்தில் இருக்கும் இளைஞரிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள். அந்த இளைஞர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "அக்காவைக் கேளுங்க, எனக்கே அவங்கதான் சொல்லித் தர்றாங்க" என்கிறார். ஒரே மதியத்தில் நான்கு முறை எண்ணினேன்.

மூன்றாவது சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியும் சேர்ந்து நடந்தது. விளக்கு மின்னும் பேட்ஜ் ஒன்றைப் பிள்ளைகளே பற்றவைத்துச் சட்டையில் குத்திக்கொண்டு போகலாம். நோக்கம் நல்லது, ஏற்பாடு சுமார். முப்பது பிள்ளைகளுக்கு ஆறு அயர்ன். பற்றவைக்க உருக்கும் கம்பியை, அதாவது சால்டரை, ஈயம் இல்லாததாக வாங்கியிருந்தார்கள், பிள்ளைகளுக்கு அதுதான் சரி, ஆனால் அது உருகவே 217 டிகிரி போல வேண்டும், ஈயம் கலந்தது 183-லேயே இளகிவிடும். அந்த மலிவு அயர்ன்கள் திணறின, பிள்ளைகள் அழுத்தின, இரண்டு போர்டில் செம்பு பெயர்ந்து வந்தது. புகையை வெளியே இழுக்க வசதி இல்லை, ஒரு மேசை விசிறி அதை எதிர் மேசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. புகையில் ஈயம் வருகிறது என்று பெற்றோர் ஒருவர் பயந்தார். அந்தச் சால்டரில் ஈயமே இல்லை, இருந்தாலும் அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை, வருவது சால்டர் நன்றாக ஒட்டச் சேர்க்கும் ஃபிளக்ஸின் புகை. ஆனால் அதுவும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. பழுதுபார்ப்பு மேசையில் இன்னும் ஈயச் சால்டர்தான் ஓடுகிறது, அதில் கவனிக்க வேண்டியது கை கழுவுவது, கழுவும் இடமோ கட்டடத்தின் மறுகோடியில். இதை முதலில் சரிசெய்யலாம்.

அன்றைக்கு உண்மையில் களைகட்டியது பேட்ஜ் மேசை இல்லை, மூலையில் இருந்த பிரித்துப்போடும் மேசை. செத்துப்போன கீபோர்டு, பிரிண்டர், டிவிடி டிரைவ் எல்லாவற்றையும் குவித்து, ஸ்க்ரூடிரைவர் கொடுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். மின் இணைப்பு எதுவும் கிடையாது, லேசர் பாகத்தை முன்பே எடுத்துவிட்டார்கள். எட்டு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை பிரிண்டரிலிருந்து ஸ்டெப்பர் மோட்டாரை உருவி எடுத்தாள். தண்டைச் சுற்றினால் படி படியாகத் தடுக்கித் தடுக்கிச் சுற்றுவதைக் கண்டுபிடித்துவிட்டு, வந்தவர் போனவர் எல்லோரிடமும் "சுத்திப் பாருங்க" என்று நீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் விளக்கம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை, எத்தனை தடவை தடுக்குகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நான் கொண்டுபோன புளூடூத் ஸ்பீக்கர் முழுக்கப் பசை போட்டு ஒட்டியது, திறக்கும்போதே ஒரு பக்கம் உடைந்தது, உள்ளே சிப்பின் மேல் எழுத்தைச் சுரண்டி வைத்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் 'இது ஆகாது' என்று சொல்லிவிட்டார்கள். பேட்டரியை எடுத்துத் தனியாக வைத்தோம், ஸ்பீக்கர் கோனை அந்த ரோபோக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். 2022-இல் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை என்று ஐ.நா. கணக்கு ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். ஒட்டி மூடிய அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் அந்த எண் எனக்கு உறைத்தது.

போகிறவர்களுக்கு: ஆரம்பிக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், ஒரு மணி நேரம் தாமதித்தால் காத்திருந்தே பொழுது போய்விடும். பொருளோடு அதன் அடாப்டர், வயர், ரிமோட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், அடாப்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், பாதிப் பழுது அதில்தான் இருக்கும். நல்ல சட்டை வேண்டாம். அவசரமாக வேண்டிய பொருளைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு. போன ஒன்று புகைக்கும் பெயர்ச்சீட்டுக்கும். அடுத்த முறை டேபிள் ஃபேனை எடுத்துப் போகிறேன். படிவத்தின் கடைசிக் கேள்விக்கு இந்தத் தடவை உள்ளதை எழுதிவிடுவதாக இருக்கிறேன்: இரண்டு முறை பிரித்தேன், மூடியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம்.