அப்பாவுக்கு வந்த 'வக்கீல் நோட்டீஸ்': போனில் மருந்து விற்பவர்களிடம் உங்கள் நோயைச் சொல்லாதீர்கள்

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது டிவி விளம்பரத்தைப் பார்த்து போனில் மருந்து வாங்கியிருக்கிறார்களா? அப்படியென்றால் இதைக் கடைசிவரை படியுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த மாதமே வேறு பெயரில் வந்துவிடுவார்கள் என்பதால் பெயரைவிட அவர்கள் செய்யும் விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்பாவுக்கு 71 வயது, பதினாறு வருடமாகச் சர்க்கரை. அம்மா போனபிறகு பாளையங்கோட்டை வீட்டில் தனியாக இருக்கிறார். நான் மதுரையில் வக்கீல். ராத்திரி தூக்கம் வராமல் டிவி பார்க்கும்போது "மூன்றே மாதத்தில் மாத்திரையை நிறுத்தலாம், குணமாகாவிட்டால் பணம் வாபஸ்" என்று ஒரு விளம்பரம். போன் செய்திருக்கிறார். எடுத்தவள் 'டாக்டர்' என்றாளாம். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தாளாம். அரைமணி நேரம் பேசியிருக்கிறாள். சர்க்கரை எவ்வளவு, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், பிள்ளைகள் கூட இருக்கிறார்களா, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். எங்களிடம் சொல்லாத சில விஷயங்களை அப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார்.

நான்காவது நாள் கூரியர் வந்தது, 6,900 ரூபாய். பழுப்பு நிற பிளாஸ்டிக் டப்பா மூன்று. திறந்தால் வெந்தயமும் நாவல் கொட்டையும் கலந்த வாசனை. மேலே பச்சை இலைப் படம், தங்க நிறத்தில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு வட்ட ஸ்டிக்கர். பேட்ச் நம்பர் இல்லை, தயாரிப்பு உரிம எண் இல்லை. அவள் சொன்னபடி ஆஸ்பத்திரி மாத்திரையை அப்பா நிறுத்திவிட்டார். ஐந்து வாரம் கழித்து நான் ஊருக்குப் போனபோது ஆளே பாதியாகியிருந்தார். குத்திப் பார்த்தால் 412.

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"உனக்கு ஆயிரம் வேலை. இதெல்லாம் போய்..." என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவர் போனுக்கு வரிசையாக அழைப்புகள், எல்லாம் வேறு வேறு கம்பெனி. புராஸ்டேட் மருந்து, மூட்டு எண்ணெய், நரம்புக்கு லேகியம். அந்த 'டாக்டரிடம்' மட்டும் சொன்ன விஷயங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ். ஆறு மாதக் கோர்ஸுக்கு ஒப்புக்கொண்டு பாதியில் நிறுத்தியது ஒப்பந்த மீறலாம். மூன்று நாளில் 18,500 ரூபாய் கட்டாவிட்டால் வழக்காம். வழக்கு என்றால் மருத்துவ விவரங்கள் கோர்ட்டில் வாசிக்கப்படுமாம், குடும்பத்தாருக்கும் நகல் போகுமாம். அப்பா பேங்குக்குக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போன் செய்ததால்தான் தடுக்க முடிந்தது.

அந்த நோட்டீஸைப் படித்தபோது இதை முன்பே எங்கோ படித்திருக்கிறோம் என்று தோன்றியது. ஆமாம், 1898ஆம் வருட லண்டன்.

கிரைம்ஸ் என்று மூன்று அண்ணன் தம்பிகள். வேண்டாத கர்ப்பத்தால் தவித்த பெண்களுக்கு ஜாடைமாடையாகப் புரியும்படி பத்திரிகைகளில் மாத்திரை விளம்பரம் கொடுத்தார்கள். பெண்கள் தபாலில் பணம் அனுப்பினார்கள், தபாலில் மாத்திரை வந்தது. அந்த மாத்திரையால் எந்தப் பலனும் கிடையாது. ஆனால் வாங்கியவர்களின் பெயரும் விலாசமும் அண்ணன் தம்பிகளிடம் பத்திரமாக இருந்தன. கருவைக் கலைக்க முயல்வதே 1861ஆம் வருடச் சட்டப்படி அங்கே குற்றம். ஒருநாள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரே மாதிரிக் கடிதம் போனது. அரசு அதிகாரி எழுதுவதுபோல, நீ செய்தது குற்றம், இரண்டு கினி (ஒரு கினி ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்) அனுப்பாவிட்டால் கைது என்று. வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். பலர் அனுப்பினார்கள். யாரிடம் போய்ச் சொல்வார்கள்? அந்த வருடம் டிசம்பரில் வழக்கு நடந்து அண்ணன் தம்பிகளில் இருவருக்குப் பன்னிரண்டு வருடமும் ஒருவனுக்கு ஏழு வருடமும் தண்டனை கிடைத்தது.

முதலில் மருந்தில் ஒரு லாபம், அப்புறம் ரகசியத்தில் ஒரு லாபம். அப்பாவுக்கு நடந்ததும் இதேதான்.

அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே நடத்தினார்கள். மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரைச் சேர்ந்தவர் லிடியா பிங்கம். பெண்களுக்கான அவருடைய மூலிகை மருந்து 1875 வாக்கில் விற்பனைக்கு வந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சாராயம். பாட்டிலில் அவர் படம், தாய் போன்ற முகம். உங்கள் கஷ்டத்தை மிஸஸ் பிங்கமுக்கு எழுதுங்கள், ஆண்கள் யாரும் கடிதத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று விளம்பரம். டாக்டரிடம் சொல்லக் கூசியதையெல்லாம் பெண்கள் எழுதினார்கள். அந்த அம்மாள் 1883லேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் 'எழுதுங்கள்' என்ற விளம்பரம் ஓடியது. 1905இல் எட்வர்ட் பாக் என்ற பத்திரிகை ஆசிரியர் அவருடைய கல்லறையைப் படமெடுத்துப் போட்டபிறகுதான் பலருக்கு விஷயம் தெரிந்தது. நோயாளிகளின் கடிதங்களை வாங்கி விற்க அந்த நாட்டில் தரகர்களே இருந்தார்கள். காது கேளாதவர், காசநோய்க்காரர், புற்றுநோய்க்காரர் என்று கட்டுக்கட்டாக வகை பிரித்து அடுத்த மருந்துக் கம்பெனிக்குக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு மூட்டு எண்ணெய்க்காரன் போன் செய்தானே, அவனுக்கு நம்பர் இப்படித்தான் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி அந்தத் தங்க ஸ்டிக்கர். இங்கிலாந்தில் 1783 முதல் 1941 வரை இந்த மாதிரி மருந்துகளுக்கு முத்திரை வரி இருந்தது. பெட்டியில் அரசு முத்திரைத்தாள் ஒட்டியிருக்கும். அது வரி கட்டியதற்கான அடையாளம், அவ்வளவுதான். சனங்களோ அரசாங்கமே சோதித்து ஒட்டியது என்று நம்பினார்கள், விற்றவர்களும் நம்பவிட்டார்கள். இவற்றுக்கு இருந்த 'பேட்டன்ட் மருந்து', அதாவது காப்புரிமை பெற்ற மருந்து, என்ற பேரும் அப்படித்தான். காப்புரிமை வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும், அதனாலேயே பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. 'ஒரு பெட்டி ஒரு கினி பெறும்' என்று விளம்பரம் செய்யப்பட்ட பீச்சம் மாத்திரையை 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் சோதித்தது. உள்ளே கரியபோளம், இஞ்சி, சோப்புத்தூள். 56 மாத்திரைக்கான சரக்கின் விலை அரைக் காசுகூடப் பெறாது, ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி (ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி). ஆனால் பேதிக்குப் போகும், அதனால் ஏதோ வேலை செய்கிறது என்று தோன்றும். நம் டப்பாவில் வெந்தய வாசனை இருப்பதும் இதற்குத்தான். பாட்டி வைத்தியம் தெரிந்தவர்களுக்கு மூக்கே சாட்சி சொல்லிவிடும்.

'பணம் வாபஸ்' பற்றி ஒரு வக்கீலாகச் சொல்கிறேன். சட்டக் கல்லூரியில் முதல் வருடம் எங்களுக்கு நடத்திய வழக்கு கார்லில் அம்மாளுடையது. இங்கிலாந்தில் ஃப்ளூ பரவிய காலம். கார்பாலிக் பவுடர் அடைத்த ஒரு ரப்பர் பந்து, அமுக்கினால் மூக்குக்குள் புகைபோல ஏறும். பத்து ஷில்லிங். சொன்னபடி உபயோகித்தும் ஃப்ளூ வந்தால் 100 பவுண்டு தருவோம், 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருக்கிறோம் என்று 1891இல் விளம்பரம். கார்லில் அம்மாள் தினம் மூன்று வேளை, இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைய உபயோகித்தார். ஜனவரியில் ஃப்ளூ வந்தது. பணம் கேட்டதற்கு, தினமும் எங்கள் ஆபீசுக்கு வந்து எங்கள் ஆள் முன்னால் மூன்று வேளையும் உபயோகித்துக் காட்டினால்தான் தருவோம் என்று பதில். 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அம்மாள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடமே அந்தக் கம்பெனி 200 பவுண்டு பரிசு என்று இன்னும் கறாரான நிபந்தனைகளோடு புது விளம்பரம் போட்டது. அதில், ஆயிரக்கணக்கான பந்துகள் விற்றும் மூன்று பேர்தான் 100 பவுண்டு கேட்டார்கள், அதனால் மருந்து வேலை செய்கிறது என்று எழுதியிருந்தார்கள். பேசாமல் இருந்த அத்தனை பேரும் குணமானவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவும் அந்தக் கணக்கில்தான் இருந்திருப்பார்.

இனி செய்யவேண்டியது. சர்க்கரையைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருட மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். விளம்பரத்தைப் போனில் படம் பிடித்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915 என்ற எண். டப்பா, கூரியர் ரசீது, அழைப்புப் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். அப்பா கூரியர் ரசீதைப் பால் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தார், எங்களுக்கு இன்று அதுதான் முக்கியச் சான்று. வாட்ஸ்அப் நோட்டீஸைப் பார்த்துப் பயந்து ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பாதியில் மருந்தை நிறுத்துவது எந்தக் குற்றமும் இல்லை. மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ உங்கள் டாக்டரைக் கேட்டபிறகு மட்டும்.

வீட்டில் பெரியவர்களிடம் இதைப் பேசும்போது தயவுசெய்து திட்டாதீர்கள். "ஏன்ப்பா சொல்லல" என்று நான் கேட்ட அந்தக் குரலிலேயே கோபம் இருந்தது. அதற்குப் பயந்துதான் அவர் முதலிலேயே சொல்லவில்லை என்று பிற்பாடு புரிந்தது.

அப்பாவுக்கு இப்போது சர்க்கரை 160க்குப் பக்கத்தில் நிற்கிறது. அழைப்புகள் நின்றபாடில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது ஒன்று வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பக்கம் தள்ளினார். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"சாப்பிட்டேன்ம்மா. என் மக பேசுவா" என்றார் அப்பா. அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.