கோவாவில் தனி வில்லா: வீடு நிஜம், ஆள் போலி

கோவாவில் நீச்சல் குளத்துடன் தனி வில்லா தேடுபவர்கள் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இல்லாத வீட்டைக் காட்டி ஏமாற்றுவார்கள் என்றுதான் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். எங்களுக்குக் காட்டிய வீடு அஞ்சுனாவில் இருக்கிறது. படத்தில் பார்த்த அதே ஓட்டுக் கூரை, அதே குளம். அதன் உரிமையாளருக்கும் எங்களிடம் பணம் வாங்கியவனுக்கும்தான் எந்தத் தொடர்பும் இல்லை.

சமூக ஊடக விளம்பரத்தில் கிடைத்த தொடர்பு அது. வாடகை அடிமாட்டு விலையும் இல்லை. டிசம்பர் கடைசி வாரத்துக்கு மற்றவர்கள் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மோப்பா விமான நிலையத்தில் இறங்குகிறீர்களா, டாபோலிம் விமான நிலையத்திலா, சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று வீட்டுக்காரனைப் போலவே விசாரித்தான். பாதி வாடகையை முதலில் வாங்கினான், பிறகு மீதியையும் வைப்புத்தொகையையும்.

வாசலில் எங்கள் ரசீதைப் பார்த்த காவலாளி ஆச்சரியப்படக்கூட இல்லை. அந்த மாதம் இப்படி வந்து நின்ற முதல் குடும்பம் நாங்கள் இல்லையாம். அங்கிருந்தே போன் செய்தால், "வைப்புத்தொகை கணக்கில் ஏறவில்லை, மறுபடி அனுப்புங்கள், பழையது தானாகத் திரும்பிவிடும்" என்கிறான்! என் மாமியார் போனைப் பிடுங்கிப் பேசியதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு அந்த எண் உயிர்பெறவே இல்லை.

உடனே 1930-ஐ அழைத்தோம். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் இது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் புகார் போனால்தான் வங்கி முடக்க முடியும். வைப்புத்தொகை மட்டும் முடக்கப்பட்டது. வாடகை போனது போனதுதான்.

கோவாவில் சுற்றுலா விடுதிகள் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழின் படத்தை அவனும் அனுப்பினான். சான்றிதழில் ஒரு பெயர், யுபிஐ திரையில் வேறு பெயர். கேட்டதற்கு, "அது மேலாளர் கணக்கு" என்றான். இந்தப் பதில் வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பி வைக்கும் வீடியோவை நம்ப வேண்டாம். வீடியோ அழைப்பில் வாசல் கேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வரைபடத்தில் அந்த வீட்டுக்கு அருகில் தெரியும் கடைக்கோ உணவகத்துக்கோ ஒரு போன் போட்டு விசாரிப்பது இன்னும் நல்லது.

அதே குளத்தின் படங்கள் இப்போது 'வாகத்தோர் கடலோர வில்லா' என்ற பெயரில் சுற்றுகின்றன. குளத்தருகே மஞ்சள் குடையும் இரண்டு மரச் சாய்வு நாற்காலிகளும் தெரிந்தால் அது இவன்தான்.