அப்பாவுக்கு வாங்குன பேஜர் பெல், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுல வலது கை வரல, பேச்சும் குழறுது. எங்க வீடு மன்னார்குடி பக்கம், பழைய ஓட்டு வீடு, திண்ணை ரேழி முற்றம்னு நீளமா போகும், அம்மா கொல்லைல துணி துவைச்சிட்டு இருந்தா ரேழில அப்பா கூப்பிடுறது காதுலயே விழாது. போன் குடுத்து பாத்தோம், இடது கையால லாக்கை எடுத்து பேரைத் தேடுறதுக்குள்ள அவருக்கு கண்ணு கலங்கிடும். அப்பறம்தான் இந்த செட்டு வாங்குனேன், கழுத்துல மாட்டிக்கிற பட்டன் ஒண்ணு, அம்மா இடுப்புல சொருகிக்கிற ரிசீவர் ஒண்ணு, 1,150 ரூபாய்.

பட்டனை அமுக்குனா அதோட கோட் நம்பர் மட்டும் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைல போகும், ரிசீவர் அது நமக்கு பதிஞ்சு வெச்ச நம்பர்தானான்னு பாத்து அடிக்கும், இல்லன்னா கம்முனு இருக்கும். 1995ல இந்தியாவுக்கு வந்த பேஜரும் (சேதி வந்தா பீப்னு கத்துற சின்ன டப்பா) இதே கதைதான், டவர் எல்லாருக்கும் சேத்து அனுப்பும், யாரோட நம்பரோ அந்த பேஜர் மட்டும் கத்தும். சாதா பேஜர் திருப்பி எதுவும் அனுப்பாது, காதை மட்டும் தொறந்து வெச்சிருக்கும், அதனாலதான் ஒரே ஒரு பென்சில் பேட்டரில வாரக்கணக்குல ஓடுச்சு. செல் சிக்னல் எடுக்காத தடிச்ச சுவருக்குள்ளயும் எடுக்கும்ங்கறதால வெளிநாட்டுல நிறைய ஆஸ்பத்திரில டாக்டருங்க இன்னும் அதை விடல.

முதல்ல வாங்குனது பிளக்ல சொருகுற மாடல், கரண்ட் போனா அவ்ளோதான், அன்னிக்கே திருப்பி குடுத்துட்டேன். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப கரண்டும் இல்லாம டவரும் இல்லாம நாங்க கெடந்தது எங்களுக்குத்தான் தெரியும், அதனால டெல்டா பக்கம் வாங்குறவங்க பேட்டரி மாடலே வாங்குங்க, சிம்மும் வேணாம் நெட்டும் வேணாம்.

அட்டைல 100 மீட்டர்னு போட்டிருக்கு, அது வெட்டவெளிக்கு. எங்க வீட்டு சுண்ணாம்பு சுவரு ரெண்டைத் தாண்டி கொல்லை கடைசில இருக்குற முருங்கை மரம் வரைக்கும் நல்லா அடிக்குது, மாட்டுக்கொட்டகை தகரத்துக்கு அடில போனா எடுக்கல. ரிசீவர் பேட்டரி இதுவரைக்கும் ஒரு தடவ மாத்துனேன். அஞ்சுக்கு நாலு குடுப்பேன்.

ஒரு குறை, அமுக்குனவருக்கு அது போய் சேந்துச்சான்னு தெரியாது, மொத வாரம் பூரா அப்பா விடாம அமுக்கிட்டே இருந்தாரு. இப்ப பெல் அடிச்சதும் அம்மா கொல்லைலேர்ந்தே "தோ வரேங்க"ன்னு சத்தமா ஒரு குரல் குடுத்துட்டுதான் கையைத் தொடைக்கிறாங்க.