காப்புப் பிரதி எங்கே இருக்க வேண்டும்? ஹார்ட் டிஸ்க்கும் கிளவுடும்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, கடலூரில் எங்கள் தெருவுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. வடிந்த பிறகு பார்த்தால் மேசை இழுப்பறை ஊறி உப்பியிருந்தது, நெம்பித்தான் திறந்தேன். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைச் சாய்த்ததும், கேபிள் செருகும் துளையிலிருந்து சேற்று நீர் சொட்டியது. கணினியும் காப்புப் பிரதியும் ஒரே மேசையில் இருந்ததால் இரண்டும் ஒன்றாகவே போயின. திருக்கடையூரில் எடுத்த, அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் மட்டும் பிழைத்தன. நெய்வேலியில் அக்கா வீட்டு பீரோவில் ஒரு பழைய பிரதி கிடந்தது.

எனவே, புதிதாக வாங்கும்போது நான் முதலில் பார்த்தது விலையையோ வேகத்தையோ அல்ல, பிரதி எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதைத்தான்.

டிவிடியை ஒதுக்கிவிடலாம். ஒன்றில் 4.7 ஜிபிதான் பிடிக்கும். என்னிடம் உள்ள 600 ஜிபிக்கு 128 தட்டுகள் வேண்டும். பென் டிரைவ் கோப்புகளை எடுத்துச் செல்ல மட்டும் சரி. எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ், வேகமானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் மின்சாரமே காட்டாமல் நெடுங்காலம் பூட்டி வைக்க அது ஏற்றதல்ல, விலையும் கூடுதல். நான் அதைப் பயன்படுத்தத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொலைவு என்று பார்த்தால் கிளவுடை, அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினிகளில் சேமிப்பதை, மிஞ்ச எதுவும் இல்லை. கூகுளில் 15 ஜிபி இலவசம்; நான் மாதம் 130 ரூபாய் கட்டி 100 ஜிபி வைத்திருக்கிறேன். ஆனால் பதிவேற்ற வேகம் 40 எம்பிபிஎஸ் என்றாலும் 600 ஜிபி ஏற, இடைவிடாமல் 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்னொன்று, கணினியில் செய்யும் மாற்றம் கிளவுடிலும் தானாக நடக்கும் ஒத்திசைவு (சிங்க்) வேறு, காப்புப் பிரதி வேறு. ஒத்திசைவில் இருக்கும் ஃபோல்டரைக் கணினியில் தவறி அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள்தான் இருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது சாதாரண 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று என் வீட்டில், மற்றொன்று அக்கா வீட்டில். மாதம் ஒருமுறை நெய்வேலி போகும்போது புதிதாகப் பிரதி எடுத்ததைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருகிறேன். என் வீட்டில் எது நேர்ந்தாலும் அதிகபட்சம் ஒரு மாத வேலைதான் போகும். பிரதி எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுகிறேன். எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் பூட்டிவிடும். வேறு வீட்டில் இருப்பதால் வெராகிரிப்ட் மென்பொருளால் கடவுச்சொல் போட்டிருக்கிறேன். அந்தக் கடவுச்சொல் அக்காவுக்கும் தெரியும். வாங்கி வந்த டிஸ்க்கிலிருந்து நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகே அதில் புதிய பிரதியை எழுதுகிறேன். திறக்காத பிரதியை நான் இனி நம்பமாட்டேன்.

ஆனாலும் நெய்வேலி போதுமான தொலைவு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 2011-இல் வந்த ‘தானே’ புயல் கடலோரத்தோடு நிற்காமல், நெய்வேலிக்கு அருகே உள்ள பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் சாய்த்தது. அதனால் வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள், அறுபதாம் கல்யாணப் படங்கள் மட்டும் கிளவுடிலும் இருக்கின்றன.